நீர்மின் திட்டங்களும் கால நீட்டிப்பும்

நாயுடுபேட்டைக்கு மேற்கே, வேங்கடகிரி, திருக்காளத்தி வட்டாரங்களைக் கடந்து தெற்கு நோக்கி ஒரு பெருங்கால்வாய் செல்கிறது. கண்டலேறு நீர்த்தேக்கத்தில் தொடங்கித் தமிழ்நாட்டு எல்லை வரை 152 கிலோமீட்டர் நீளமுள்ள இக்கால்வாய், கிருஷ்ணா நீரைச் சென்னை நகருக்குக் கொண்டு சேர்ப்பது. அதற்கான ஒப்பந்தம் 1983 ஏப்ரலில் கையெழுத்தாயிற்று. நீர் எல்லையை எட்டியது 1996-ஆம் ஆண்டில். இந்தப் பதின்மூன்று ஆண்டுத் தாமதம் பலருக்கு நினைவிருக்கும். ஆனால், அந்நீர் புறப்படும் ஸ்ரீசைலம் அணையே இதனினும் நீண்டதொரு தாமதத்தின் விளைவு என்பதை நினைப்போர் சிலரே.

ஸ்ரீசைலம், தொடக்கத்தில் மின்சார உற்பத்திக்கென்றே வகுக்கப்பட்ட திட்டமாகும். 1960-இல் பணி தொடங்கியது. 1963 ஜூலையில் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். அணை முடிவுற்றது 1981-இல். மின் உற்பத்தி தொடங்கியது 1982-இல். இந்த இருபது ஆண்டுகளில் செலவு எத்தனை மடங்கு ஏறியது என்பதைப் பற்றியே பெரும்பாலும் பேசப்படுகிறது. நீரில் மூழ்கவேண்டிய நூற்றுக்கு மேற்பட்ட கிராமங்களில், ஏறத்தாழ ஒரு லட்சம் மக்கள் அதே இருபது ஆண்டுகளை எவ்வாறு கழித்தனர் என்பது அத்துணை பேசப்படுவதில்லை. மூழ்கப்போகும் ஊருக்குச் சாலை எதற்கு, பள்ளிக் கட்டடம் எதற்கு என்ற கேள்வி இயல்பாகவே எழும். நிலத்தை வாங்குவோரும் அரியர்; அதை நம்பிக் கடன் கொடுப்போரும் அரியர். இறுதியில் 1981-இல் கிராமங்கள் அவசர அவசரமாக அகற்றப்பட்டன. கூடலி சங்கமேசுவரர் கோயிலின் கற்களைப் பெயர்த்து ஆலம்பூருக்குக் கொண்டு சென்று மீண்டும் எழுப்பிய பொறுமையில் ஒரு சிறு பங்காவது அவ்வூர்களின் வீடுகளுக்குக் கிடைத்திருக்கலாம்.

திட்டங்களுக்குக் காலக்கெடு விதிப்பதன் காரணத்தை இவ்விடத்தில் நினைவுகூர்வது நன்று. ஆற்றில் அணை கட்டத் தகுந்த இடம் பொதுச் சொத்து. அனுமதி பெற்றவர் கட்டாமலே அவ்விடத்தைப் பிடித்து வைத்திருத்தல் கூடாது என்பதே கெடுவின் முதல் நோக்கம். அமெரிக்க ஐக்கிய நாட்டில் 1920-ஆம் ஆண்டுச் சட்டம் இதைக் கண்டிப்பாகவே வகுத்தது. லைசென்சு பெற்றவர் இரண்டு ஆண்டுகளுக்குள் கட்டட வேலையைத் தொடங்க வேண்டும். ஒரே ஒரு முறை மேலும் இரண்டு ஆண்டுகள் கிடைக்கும். அதற்கும் மேல் அவகாசம் வேண்டுமாயின், அந்த ஒரு அணைக்கென நாடாளுமன்றமே தனிச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. இத்தகைய சட்டங்கள் பல இயற்றப்பட்டன. 2018-இல் சட்டம் திருத்தப்பட்டு, எட்டு ஆண்டுகள் வரை அவகாசம் தரும் அதிகாரம் ஒழுங்குமுறை ஆணையத்துக்கே அளிக்கப்பட்டது. நாடாளுமன்றத்தின் சுமை குறைந்தது உண்மை. எனினும், ஒவ்வொரு நீட்டிப்புக்கும் மன்றத்தில் காரணம் கூறியாக வேண்டும் என்ற நிர்ப்பந்தமும் அதனுடன் அகன்றது.

நமது நாட்டில் முறை வேறு. 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின்படி மின் உற்பத்திக்கு லைசென்சு தேவையில்லை. ஆயினும், குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நீர்மின் திட்டங்களுக்கு மத்திய மின்சார ஆணையத்தின் இசைவும், சுற்றுச்சூழல் அனுமதியும் வேண்டும். 2006-ஆம் ஆண்டு அறிவிக்கை ஆற்றுப் பள்ளத்தாக்குத் திட்டங்களுக்குப் பத்து ஆண்டு அனுமதி வழங்கியது. 2022 ஏப்ரலில் அது பதின்மூன்று ஆண்டுகளாக்கப்பட்டது. அதற்கு மேலும் நீட்டிக்க வழியுண்டு.

இத்தளர்வை முற்றிலும் குறை கூறுவதற்கில்லை. பாறையின் தன்மை தோண்டிய பிறகே முழுமையாகத் தெரியும். சில துளைகளிட்டு எடுத்த மாதிரிகளில் உறுதியாகத் தோன்றிய மலை, சுரங்கம் குடையும்போது நீரூற்றாக மாறுவதுண்டு. பெரிய ஆறுகளில் படுகையினுள் வேலை செய்யக்கூடிய காலம் ஒரு மழைக்காலத்துக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட சில மாதங்களே. ஒரு பருவம் தவறினால் ஓராண்டு தவறிற்று. தற்காலிக அணையை எழுப்பி ஆற்றைத் திருப்பிவிடுமுன் வெள்ளம் வந்துவிட்டால், செய்த வேலையும் போய்விடும். ஆதலின் நேர்மையான தாமதம் என்பது உண்டு. நீட்டிப்புத் தரலாமா என்பதைவிட, தரும்பொழுது எவற்றை மறுபடி ஆராய வேண்டும் என்பதே முக்கியமான கேள்வியாகும். நீட்டிப்பு என்பது பழைய கோப்பில் புதிய தேதியிடும் குமாஸ்தா வேலையன்று. அது ஒரு புதிய முடிவு. கச்சேரியில் வாய்தா வாங்குவதற்கும் இதற்கும் வேறுபாடு தெரியவேண்டும்.

கோதாவரியில் எழும் போலவரம் திட்டம் இதற்குத் தக்க சான்று. பாசனத்துடன் 9,60,000 கிலோவாட் மின்நிலையமும் அதில் அடங்கும். 1980-இல் நடுவர் மன்றத் தீர்ப்பின்போது, நீர்ப்போக்கி வினாடிக்கு 36 லட்சம் கன அடி வெள்ளத்துக்கெனக் கருதப்பட்டது. 1986 ஆகஸ்டில் கோதாவரி பத்ராசலத்தில் 75 அடிக்கு மேல் உயர்ந்தது. பின்னர் நீர்ப்போக்கியின் திறன் 50 லட்சம் கன அடியாக உயர்த்தப்பட்டது. வேலை முடியாமலிருந்த ஆண்டுகளில் ஆறே ஒரு புதிய புள்ளிவிவரத்தை அளித்தது என்பது இதன் பொருள். பழைய கணக்கையே வைத்து நாளை மட்டும் நீட்டியிருந்தால் விளைவு என்னவாகியிருக்கும்?

வெள்ளக் கணக்குக்குக் கிடைத்த இந்த மறுபரிசீலனை மனிதர்களின் கணக்குக்கு அத்துணை விரைவாகக் கிடைக்கவில்லை. 2005-06 விலைவாசியில் 10,151 கோடி ரூபாயாக இருந்த மதிப்பீடு, 2017-18 விலைவாசியில் 55,549 கோடியாயிற்று. அதில் பாதிக்கு மேல் நிலத்துக்கும் மறுவாழ்வுக்குமான தொகை. 2013-ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தும் சட்டம் இதற்கு ஒரு காரணம். இடம்பெயர வேண்டிய குடும்பங்களின் எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டியது மற்றொரு காரணம். இதற்கிடையில், 2011-இல் பிறப்பிக்கப்பட்ட வேலை நிறுத்த ஆணை நீக்கப்படாமலே நிறுத்தி வைக்கப்பட்டு, அந்த நிறுத்தி வைப்பும் பலமுறை நீட்டிக்கப்பட்டது. 2019, 2020 வெள்ளங்களில் படுகைக்கு அடியிலிருந்த தடுப்புச் சுவர் சேதமுற்றது. புதிய சுவர் கட்டும் வேலை 2025 ஜனவரியில் தொடங்கியது. பொறியாளர்க்கு ஒவ்வொரு புதிய கெடுவும் ஒரு வேலைத் திட்டம். மேட்டு நிலத்தில் வீடு கட்டித் தரப்படும் என்று காத்திருக்கும் கொண்டரெட்டி, கோயா குடும்பத்துக்கோ அது மற்றொரு மழைக்காலம். அணை முடியாவிடினும், தற்காலிக அணையின் பின்னே தேங்கும் வெள்ளம் அவர்கள் வாயிலுக்கு வந்துவிடுகிறது.

ஆதலின் நீட்டிப்புக் கோரும் ஒவ்வொரு விண்ணப்பத்துடனும், இடைக்காலத்தில் எடுத்த வெள்ள அளவுகளும், புதிய குடும்பக் கணக்கும், இடமாற்றத்தில் முடிந்த பகுதியும் இணைக்கப்பட வேண்டும்; அவை மூழ்கும் ஊர்களில் அவ்வூர் மொழியிலேயே படித்துக் காட்டப்பட வேண்டும். முதற் கணக்கெடுப்பில் பத்து வயதாயிருந்த சிறுவன் பதின்மூன்று ஆண்டுகளில் மனைவி மக்களுடன் தனிக் குடும்பமாகிவிடுகிறான். பழைய பட்டியலில் அவன் தகப்பனின் பெயர் மட்டுமே இருக்கும். இவ்வாறு ஆராய்ந்தால் காலதாமதம் மிகும் என்பர். ஓரிரு மாதங்கள் மிகலாம். ஆனால், விடுபட்ட பெயர்களுக்காக நீதிமன்றங்களில் கழியும் ஆண்டுகளுடன் அதை ஒப்பிட வேண்டும்.

இதில் களப் பணியாளர்க்கும் ஆசிரியர்க்கும் நேரடித் தொடர்பு உண்டு. ஆற்றங்கரை அளவுகோலில் நாள்தோறும் குறிக்கும் நீர்மட்டமே நாளைய மறுபரிசீலனையின் ஆதாரம். பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் பிறந்த தேதியும் ஊர்ப்பெயரும் பிழையின்றி இருப்பின், ஒரு குடும்பம் அவ்வூரில் வாழ்ந்ததற்கு அதைவிட நல்ல சான்று அரிது. ஊர் மூழ்கும்போது பதிவேடு மூழ்காமல் அடுத்த பள்ளிக்குச் சேர்ப்பிக்கப்பட வேண்டும்.

ஸ்ரீசைலத்தில் நிலமிழந்த குடும்பங்களுக்கு வீட்டுக்கு ஒருவருக்கு வேலை தருவதற்கான ஆந்திர அரசாங்கத்தின் 98-ஆம் எண் ஆணை 1986-இல் வெளிவந்தது. அதன்படி வேலை கோரும் மனுக்கள் 2000-ஆம் ஆண்டுக்குப் பின்னரும் வந்தவண்ணம் இருந்தன.