வலிக்கும் கால்களை உட்கார வைத்துவிடாதீர்கள்

எங்கள் மஹல்லாவில் ஒரு பெரியவர் இருக்கிறார். பல ஆண்டுகளாக ஐவேளையும் பள்ளிவாசலுக்கு நடந்தே வந்தவர். சென்ற ஆண்டு அவர் வழியில் நிற்கத் தொடங்கினார். முதலில் பள்ளிக்குச் சற்று முன்னுள்ள மின்கம்பத்தின் அருகே. சில மாதங்களில் அதற்கும் முன்னாலுள்ள மளிகைக் கடை வாசலில். கெண்டைக்கால் முறுக்கிப் பிடிக்கிறது என்பார். இரண்டு மூன்று நிமிடம் நின்றால் விட்டுவிடும். மீண்டும் நடந்தால் ஏறக்குறைய அதே தூரத்தில் மீண்டும் பிடிக்கும். "வாப்பா, இனி நீங்கள் நடக்க வேண்டாம்" என்று பிள்ளைகள் பாசத்தோடு முடிவெடுத்தார்கள். கொஞ்ச நாள் பைக்கில் அழைத்து வந்தார்கள். பிறகு அதுவும் குறைந்து, வீட்டிலேயே நாற்காலியில் தொழுகை என்றாகிவிட்டது. நலம் விசாரிக்கச் சென்ற நாமும், "வயதாகிவிட்டது, ஓய்வெடுங்கள்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினோம். அப்படிச் சொன்னதற்காக இன்று வருந்துகிறோம்.

ஏனெனில் அது முதுமை அன்று, நோய். காலுக்கு இரத்தம் கொண்டு செல்லும் தமனிகளின் உட்சுவரில் கொழுப்புப் படிந்து வழி குறுகிவிடுகிறது. உட்கார்ந்திருக்கும்போது வருகிற இரத்தம் தசைக்குப் போதுமானதாக இருக்கிறது. நடக்கும்போது போதாமல் தசை வலியால் கதறுகிறது. புகையும் நீரிழிவும் இதன் முதற்பெருங் காரணங்கள். உயர் இரத்த அழுத்தமும் மிகைக் கொழுப்பும் துணை நிற்கின்றன. இதைக் கண்டறிய எளிய சோதனை உண்டு. கணுக்காலில் அளக்கும் இரத்த அழுத்தத்தைக் கையில் அளப்பதால் வகுத்துப் பார்ப்பார்கள், விடை 0.90 அல்லது அதற்குக் கீழே வந்தால் அடைப்பு இருக்கிறது என்று பொருள். முதுகெலும்பு நரம்பு நெருக்கத்தாலும் நடக்கையில் கால் வலிக்கும். ஆயின் அவ்வலி வெறுமனே நிற்பதால் எளிதில் அடங்காது. உட்கார்ந்தாலோ முன்குனிந்தாலோதான் அடங்கும். எது எதுவென்று முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர். பக்கத்து வீட்டார் அல்லர்.

இந்த நோய்க்கான முதன்மைச் சிகிச்சைகளுள் ஒன்று, எந்த நடை வலியைத் தருகிறதோ அதே நடைதான். ஓரளவு கடுமையாக வலிக்கும் வரை நடக்க வேண்டும்; நின்று, வலி முற்றிலும் அடங்கியபின் மீண்டும் நடக்க வேண்டும். இப்படி நடையும் ஓய்வுமாக 30 முதல் 60 நிமிடம், வாரம் மூன்று நாள், குறைந்தது 12 வாரம். 1966-இலேயே டென்மார்க் மருத்துவர்கள் இருவர் இதைச் சிறிய அளவில் சோதித்துப் பயன் கண்டு எழுதினார்கள். 2012-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, வயிற்றுக்குக் கீழுள்ள பெருந்தமனிகளில் அடைப்புள்ளோரை ஒப்பிட்டது. ஆறு மாத முடிவில் டிரெட்மில்லில் நடக்கும் நேரம், ஸ்டென்ட் வைத்தவர்களைவிட மேற்பார்வையில் பயிற்சி செய்தவர்களுக்கே கூடுதலாக உயர்ந்திருந்தது. (வாழ்க்கைத் தரம் பற்றி நோயாளிகளே அளித்த மதிப்பீட்டில் ஸ்டென்ட் முந்தியது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.) 2021-இல் வெளியான மற்றோர் ஆய்வு நம் வீடுகளுக்கு இன்னும் நெருக்கமானது. வலி வராதபடி மெதுவாக நடந்தவர்களுக்கு, பயிற்சியே செய்யாதவர்களைவிடக் குறிப்பிடத்தக்க பலன் கிட்டவில்லை. வலி வரும் வேகத்தில் வீட்டருகே நடந்தவர்களே முன்னேறினார்கள்.

பயிற்சியால் அடைப்பு கரைவதில்லை. வருகிற இரத்தத்தைக் கொண்டே கூடுதல் வேலை செய்யத் தசை பழகிக்கொள்கிறது. இரத்தக் குழாய்களும் முன்னைவிட நன்றாக விரிந்து கொடுக்கின்றன. நடப்பதை விட்டுவிட்டால் ஈட்டிய பலனும் மெல்லக் கழிந்துவிடும்.

நம் பாசம் தவறிய இடம் இதுதான். நோயாளி உட்கார்ந்து தொழலாம் என்பது மார்க்கம் தந்த சலுகை. அதில் நமக்கு மறுப்பில்லை. அந்தச் சலுகையை நாள் முழுவதுக்குமான நாற்காலியாக நீட்டியவர்கள் நாம். பள்ளிக்கு அருகே குடிபெயர விரும்பிய பனூ ஸலிமா குலத்தாரிடம், உங்கள் காலடிகள் எழுதப்படுகின்றன, இருக்குமிடத்திலேயே இருங்கள் என்ற கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) கூறிய செய்தியை ஜும்ஆ மேடைகளில் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து பைக்கை எடுக்கிறோம்.

பெண்கள் நிலை இதைவிட மோசம். உம்மாவுக்குக் கால் வலித்தால் அதற்கு வீட்டில் 'வாதம்' என்று பெயர். தைலம் தேய்த்தால் தீர்ந்தது என்று நினைக்கிறோம். சோதித்துப் பார்ப்பதே இல்லை. மொட்டை மாடியிலோ நீண்ட கூடத்திலோ அவர்களும் நடக்கலாம். சமையலறை வேலையை அந்த அரைமணி நேரம் வேறொருவர் ஏற்க வேண்டும், அவ்வளவே.

மருந்துச் சீட்டில் 'நடக்கவும்' என்று ஒரு சொல்லை எழுதித் தருகிறார்கள். எப்படி, எவ்வளவு, வலித்தால் என்ன செய்வது என்று சொல்வாரில்லை. இலவச மருத்துவ முகாம் நடத்துகிற ஜமாஅத்துகள், ஓர் இயன்முறை மருத்துவரின் துணையோடு அஸருக்குப் பின் நடைக்குழு ஒன்றைத் தொடங்க இயலாதா? செலவு அதிகமில்லை. வழிநெடுக நான்கு பெஞ்சுகள் போட்டாலே பாதி வேலை முடிந்துவிடும். கூடவே, பள்ளி வாசலில் நின்று சிகரெட் பிடிப்போரிடம் முகம் பார்க்காமல் பேசியாக வேண்டும். புகையை விடாதவர் நடப்பது, ஒரு கையால் கட்டி மறு கையால் இடிப்பதாகும்.

தொடங்குமுன் இதயத்தையும் சோதித்துக்கொள்ளுங்கள். கால் தமனி அடைத்தவர்களுக்கு இதயத் தமனியும் அடைத்திருக்க வாய்ப்பு மிகுதி. இரவில் படுத்திருக்கும்போதே பாதம் வலித்து, காலைத் தொங்கவிட்டால்தான் அடங்குகிறது என்றாலோ, விரல் கறுத்தாலோ, புண் ஆறாமல் நின்றாலோ அது நடைப்பயிற்சிக்குரிய நேரமன்று. உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். திடீரென்று கால் குளிர்ந்து வெளிறி மரத்துப்போனால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதீர்கள். ஒளூவில் பாதம் கழுவும்போது விரலிடுக்குகளைக் கண்ணாலும் பாருங்கள். நீரிழிவால் உணர்வு மங்கிய காலில் புண் வந்தால் கண்தான் முதலில் அறியும்.

அந்தப் பெரியவர் இப்போது மருத்துவர் சொன்னபடி நடக்கிறார். பேரன் கூட வருகிறான். அவர் நிற்கும்போது அவனும் நிற்கிறான், கையைப் பிடித்து இழுப்பதில்லை. ஒன்பதாவது வாரம் இது. மளிகைக் கடையை நிற்காமல் கடந்துவிட்டார். மின்கம்பத்தில் இன்னும் நிற்கிறார்.