ஒரே பிள்ளையார்... நாட்டுக்கு ஒரு விலை!

கச்சிராயபாளையம் என்றால் கோமுகி அணையும், கூட்டுறவு சர்க்கரை ஆலையும், கல்வராயன் மலையடிவாரமும்தான் பலருக்கு ஞாபகம் வரும். அந்த ஊர் இருக்கும் கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்கு இன்னொரு பெருமையும் உண்டு... மரச்சிற்பம். கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர் பகுதிகளில் பரம்பரையாகச் செதுக்கப்படும் இந்தச் சிற்பங்களுக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது.

முன்பெல்லாம் இவை வெளிநாடு போக வேண்டுமென்றால் பெருநகரத்து வியாபாரி ஒருவர் நடுவில் தேவை. இப்போது ஒரு செல்போனும், பான் கார்டும், வங்கிக் கணக்கும் இருந்தால், 500 ரூபாய் கட்டி ஆன்லைனிலேயே ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண் வாங்கிவிடலாம். தபால் துறை 2022-ல் தொடங்கிய ‘டாக் கர் நிர்யாத் கேந்திரா’ ஏற்றுமதி மையங்கள் வழியாகப் பார்சல் அனுப்பலாம். சுங்கப் படிவத்தை வீட்டிலிருந்தே நிரப்பலாம்.

ஆக, விற்பதற்கு வழி இருக்கிறது. விற்ற பிறகு கையில் காசு நிற்கிறதா என்பதுதான் கேள்வி. உள்ளூர் விலையை அப்படியே டாலருக்கு மாற்றிப் போட்டால் நிற்காது.

பெயரும் அளவும்

ஒரு அடி உயரமுள்ள மரப் பிள்ளையாரை எடுத்துக்கொள்வோம். சிங்கப்பூர், மலேசியத் தமிழர் ‘பிள்ளையார் சிலை’ என்று தேடக்கூடும். அமெரிக்கர் ‘கணேஷ் ஸ்டாச்சு’ என்று தேடுவார். ஜெர்மானியர் ‘கணேஷா ஃபிகூர்’ என்பார். எல்லோருக்கும் ஒரே பெயரைப் போட்டு வைத்தால், சிலர் கண்ணில் சிலை படவே படாது. அமெரிக்கருக்கு உயரத்தை 12 அங்குலம் என்று சொல்ல வேண்டும். ஐரோப்பியருக்கு 30 சென்டிமீட்டர் என்றால்தான் புரியும்.

ஒரு புள்ளிகூட காலை வாரிவிடும். ஜெர்மனியில் 1.250 யூரோ என்றால் ஆயிரத்து இருநூற்று ஐம்பது. அங்கே பைசாவைப் பிரிப்பது காற்புள்ளி. ஆயிரத்தைப் பிரிப்பது புள்ளி. இதே எண்ணை அமெரிக்கப் பட்டியலில் ஒட்டினால் ஒன்றேகால் டாலராகிவிடும்!

மரத்தின் பெயரையும் சரியாக எழுத வேண்டும். ரோஸ்வுட் எனப்படும் ஈட்டி மரத்தின் பன்னாட்டு வணிகத்துக்கு 2017 முதல் சைட்டீஸ் ஒப்பந்தக் கட்டுப்பாடு இருக்கிறது. உரிய சான்று இல்லாவிட்டால் பார்சல் சுங்கத்திலேயே நின்றுவிடலாம். விற்பனை கூடும் என்று வேறு மரத்துக்கு ‘ரோஸ்வுட்’ என்று பெயர் சூட்டுவது வம்பை விலைக்கு வாங்குவது. புவிசார் குறியீட்டை விளம்பரத்தில் போடவும் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிவு செய்திருக்க வேண்டும்.

280 ரூபாய் எங்கே போனது?

இனி விலை. உதாரணத்துக்கு, சிற்பத்துக்கு 4,000 ரூபாய், பேக்கிங் 300, லண்டனுக்கு அனுப்ப 2,700 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 7,000. விற்பனைத் தளத்தின் கமிஷன், பணம் மாற்றும் கட்டணம் எல்லாம் சேர்த்து 20 சதவிகிதம். பலரும் 7,000-த்தோடு 20 சதவிகிதம் கூட்டி, 8,400 என்று விலை வைப்பார்கள். ஆனால், தளம் கழிப்பது 8,400-ல் 20 சதவிகிதம், அதாவது 1,680. கைக்கு வருவது 6,720 மட்டுமே. குறையும் 280 ரூபாய் தபால் செலவிலிருந்து போகாது, கமிஷனிலிருந்தும் போகாது. சிற்பியின் கூலியிலிருந்துதான் போகும். 7,000-ஐ 0.80-ஆல் வகுத்து, 8,750 என்று வைப்பதுதான் சரி.

அதோடு முடியவில்லை. பிரிட்டனில் கடைவிலை என்றாலே 20 சதவிகித ‘வாட்’ வரி சேர்ந்ததுதான். ஆகவே, அங்கே வாடிக்கையாளர் பார்க்க வேண்டிய விலை 10,500 ரூபாய்க்கு ஈடான பவுண்டு. சரக்கின் மதிப்பு 135 பவுண்டுக்குள் இருந்தால் பெரிய விற்பனைத் தளங்களே இந்த வரியை வசூலித்துக் கட்டிவிடும். சிங்கப்பூரில் 2024 முதல் ஜி.எஸ்.டி 9 சதவிகிதம். அமெரிக்காவில் 800 டாலர் வரையிலான பார்சல்களுக்கு இருந்த சுங்க வரி விலக்கு 2025 ஆகஸ்ட் 29 முதல் நிறுத்தப்பட்டது. அதற்கு முன்பு போட்ட விலையை மாற்றாமல் விட்டிருந்தால், அந்தச் சுமையை யாராவது ஒருவர் சுமக்க வேண்டியிருக்கும். கமிஷன் கணக்கிடப்படுவது வரி சேர்த்த தொகைக்கா, சேர்க்காத தொகைக்கா என்பதையும் தளத்தின் விதிகளில் பார்த்துவிட வேண்டும்.

பெட்டிக்கும் எடை உண்டு

கூரியர் நிறுவனங்கள் பொருளின் எடையை மட்டும் பார்ப்பதில்லை. பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி, பொதுவாக 5,000-ஆல் வகுக்கிறார்கள். இரண்டில் எது அதிகமோ அதற்குக் கட்டணம். 3 கிலோ சிற்பத்தை 45, 30, 30 சென்டிமீட்டர் பெட்டியில் வைத்தால், அது 8.1 கிலோவாகிவிடும். 38, 22, 20 சென்டிமீட்டர் பெட்டி என்றால் சுமார் 3.3 கிலோதான். பெட்டியை அளவாக எடுத்தால் செலவு பாதிக்கும் கீழே இறங்க வாய்ப்புண்டு. ஆனால், உடையாத அளவுக்குச் சுற்றிலும் பஞ்சுத் தாள் வைக்க இடம் வேண்டும்.

ஒரே அட்டவணை

இத்தனையையும் மனதில் வைத்துக்கொள்ள முடியாது. செல்போனிலேயே ஒரு எக்ஸெல் அட்டவணை போதும். ஒவ்வொரு சிற்பத்துக்கும் ஒரு குறியீட்டு எண். அதே வரிசையில் மரம், எடை, பெட்டி அளவு, சிற்பியின் கூலி, பிறகு நாட்டுக்கு நாடு பெயர், வரி, தபால் செலவு, விலை. எல்லா நாட்டுப் பட்டியலும் இதிலிருந்தே போக வேண்டும்.

கையால் செய்யும் சிற்பத்தில் இன்னொரு சிக்கல், ஒரு சிலை ஒன்றுதான். அது சிங்கப்பூரில் விற்ற நிமிடமே லண்டன் பக்கத்திலும் இருப்பு பூஜ்ஜியமாக வேண்டும். இல்லாவிட்டால் இல்லாத சிலைக்கு ஆர்டர் வரும். ரத்து செய்தால் வாடிக்கையாளர் புகார் எழுதுவார். தளத்தில் மதிப்பெண் குறையும்.

மாதம் ஒருமுறை நாணய மதிப்பு, தபால் கட்டணம், வரி மூன்றையும் சரிபார்த்து விலையைத் திருத்தினால் போதும். அப்படித் திருத்தும்போது எந்தக் கட்டத்தை வேண்டுமானாலும் மாற்றலாம், சிற்பியின் கூலிக் கட்டத்தைத் தவிர. மற்ற செலவு எதையும் குறைக்க முடியவில்லை, கூலியைத் தொட்டால்தான் விலை கட்டுப்படியாகும் என்றால், அந்த நாட்டுக்கு அந்தச் சிலையை விற்காமல் இருப்பதே லாபம்.