சுடும் ஆட்டமும் சுட்ட ஆட்டமும்

மாட்டுங்கா ரயில் நிலையத்திலும், செம்பூர் விடுதி அறைகளிலும், தாராவிச் சந்துகளிலும் கைப்பேசியைக் குறுக்கே பிடித்து நம் இளைஞர் கூடி ஆடும் துப்பாக்கி ஆட்டங்கள் எத்தனை வகை? பெயரில் பல, பண்பில் ஒன்றே! வானிலிருந்து குதி, ஆயுதம் பொறுக்கு, வட்டம் சுருங்குமுன் ஓடு, கடைசி ஆளாய் நில். 2017-இல் பப்ஜி போட்ட தடத்திலேயே செக்குமாடாய்ச் சுற்றுகிறோம்.

2020 செப்டம்பரில் மத்திய அரசு பப்ஜி மொபைலைத் தடை செய்தது. களம் காலியாயிற்று, புதியது பிறக்கும் என்றனர். பிறந்ததா? 2021 ஜூலையில் பழைய ஆட்டமே பி.ஜி.எம்.ஐ. எனப் பெயர் சூடி வந்தது. நாமும் மாலையிட்டோம்! புனேயின் சூப்பர்கேமிங் 2024-இல் வெளியிட்ட 'இண்டஸ்' ஒன்றில்தான், காஸ்மியம் என்னும் பொருளைக் கைப்பற்றியும் வெல்லலாம் என்றொரு புது விதி. சிறிதுதான், எனினும் விதியன்றோ! இலவச ஆட்டம் பிழைப்பது உடையும் துப்பாக்கிச் சாயமும் விற்று. ஆகவே சாயம் மாறும், விதி மாறாது.

1999-இல் 'ஹாஃப்-லைஃப்' ஆட்டத்தைத் திருத்திக் 'கவுண்டர்-ஸ்டிரைக்' படைத்தவர் யார்? மின் லீ, ஜெஸ் கிளிஃப் என்னும் இரு மாணவர்! செத்தவன் அந்தச் சுற்று முடியும்வரை காத்திருக்க வேண்டும். அந்த ஒரு விதியால் உயிருக்கு விலை வந்தது. சடுகுடுவில் மூச்சுக்கு உள்ள விலை போல.

கோடோ போன்ற ஆட்டப் பொறிகள் இன்று இலவசமாகவே கிடைக்கின்றன. பொங்கல் விழாவில் பி.ஜி.எம்.ஐ. போட்டி வைக்கத் துடிக்கும் நம் சங்கம், புது விதியோடு ஓர் ஆட்டம் செய்து வருவோர்க்கும் பரிசு அறிவித்தால் என்ன?