வீட்டுக் காகிதம்

2019-ம் வருஷம் அக்டோபர் 12-ந் தேதி காலை, சீன ஜனாதிபதியின் விஜயத்தின்போது, பிரதம மந்திரி மோடி மாமல்லபுரம் கடற்கரையில் தம் கையாலேயே குப்பை பொறுக்கினார். நல்ல காட்சிதான். ஆனால் கரைக்கு வந்துவிட்ட குப்பையைப் பற்றியல்ல, வீட்டைவிட்டு இன்னும் வெளியேறாத காகிதத்தைப் பற்றியே நாம் பேச விரும்புகிறோம்.

குப்பையைப் பிரித்தே கொடுக்க வேண்டுமென மத்திய சர்க்கார் 2016-ல் பிறப்பித்த விதிகள் பணித்தன. பிரித்து வைத்தால் மட்டும் போதுமா? பழைய பேப்பர் வியாபாரி தராசுடன் எந்நாள் வருவாரென்பது தெரியாது. வந்தால் வீட்டில் ஆளிராது. கடிதம், அட்டைத் துண்டு முதலிய சில்லறைச் சரக்கை அவர் விரும்புவதுமில்லை. முடிவில் அவை சோற்றுக் கழிவோடு ஒரே கூடையில் விழுகின்றன. சாம்பாரில் நனைந்த காகிதம் எந்த ஆலைக்கும் ஆகாது. கரூர் ஜில்லா புகழூரிலுள்ள காகித ஆலை கரும்புச் சக்கையோடு, அச்சு மையை நீக்கிப் பழைய காகிதத்தையும் கூழாக்குகிறது. அத்தகைய ஆலைகளுக்கு வேண்டுவது சுத்தமான, உலர்ந்த காகிதமே.

ஆகவே மாதத்தில் குறித்த ஒரு நாள், தெருவாரியாக, முத்திரையிட்ட தராசுடன் வண்டி வரட்டும். வீட்டுக்கொரு சாக்கு கொடுக்கட்டும். வியாபாரிகளின் பிழைப்பைக் கெடுக்கச் சொல்லவில்லை. அவர்களுக்கே தெருக்களைப் பிரித்து ஒப்படைக்கலாம். வரும்படியில் ஒரு பங்கு துப்புரவுத் தொழிலாளருக்குச் சேரவேண்டும்.

நமது தாளும் மறுநாள் சுண்டல் பொட்டலமாவதை நாம் அறிவோம். அச்சு மை உடலுக்குக் கேடென்று 2016 டிசம்பரில் உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் எச்சரித்தும் அவ்வழக்கம் ஒழியவில்லை.

ஐப்பசி மழைக்கு முன் ஒரு வார்டிலாவது இதைத் தொடங்க மாமல்லபுரம் ஸ்தல ஸ்தாபனத்தார் முன்வருவார்களா?