யாரும் நினைக்காத பாக்கி

யாருமே நினைக்காதபோது ஓர் எண்ணம் எங்கே போய் இருக்கிறது? ராத்திரி பதினொரு மணிக்குக் கேட்டால் வீட்டில் உதை விழக்கூடிய கேள்வி. எனக்கு இது போன ஞாயிறு பரண் ஒழித்தபோது வந்தது.

உபயம், அப்பாவின் பாக்கெட் நோட்டு. 2009 மார்ச் பக்கத்தில் அவருடைய எறும்பு எழுத்து: 'அண்ணாச்சி கடை பாக்கி ரூ.340.' மற்ற வரிகளெல்லாம் அடித்திருக்க, இது மட்டும் அடிக்காமல் இருந்தது. அடுத்த மாசம் அப்பா போய்விட்டார்.

பதினைந்து வருஷத்துக்கு மேல் இந்தக் கடனை ஒருத்தரும் நினைக்கவில்லை. (அண்ணாச்சி நினைத்திருந்தால் என் காதுக்கு வந்திருக்கும்.) அப்படியானால் அது இருந்ததா, இல்லையா?

கணித மேதை ராமானுஜன் 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் மாசம் முப்பது ரூபாய் குமாஸ்தா. நம்ம ஆள்! 1920-ல் இறப்பதற்கு முன் அவர் எழுதித் தள்ளிய காகிதங்கள் கடைசியில் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் ஒரு பெட்டிக்குள் போய்ப் படுத்துவிட்டன. 1976-ல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் என்ற அமெரிக்கர் பெட்டியைக் கிளறினார். நூறு பக்கத்துக்கு மேல் சூத்திரங்கள்! மூடிக்கிடந்த வருஷங்களில் அவை ஒன்றும் தப்பாகிவிடவில்லை.

ஆனால் மளிகைக் கணக்கு வேறாயிற்றே? பி.காம்.மில் மெர்க்கன்டைல் லா படித்த தைரியத்தில் சொல்கிறேன்: இந்த மாதிரிக் கடனுக்கு மூன்று வருஷம்தான் கெடு. அப்புறம் கோர்ட் வசூலித்துத் தராது. ஆனால் கடன் செத்துவிட்டது என்றும் சொல்லாது. கேட்கிற வழிதான் அடைபடும். கடனாளி 'தருகிறேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால், 1872-ம் வருஷ ஒப்பந்தச் சட்டம் 25-வது பிரிவின்படி மறுபடி எழுந்து உட்கார்ந்துகொள்ளும்!

பணத்தோடு போனேன். கல்லாவில் இப்போது அண்ணாச்சி மகன். பழைய கடன் நோட்டெல்லாம் எப்போதோ எடைக்குப் போய்விட்டதாம்.

"எங்க நோட்டுல இல்லியேண்ணே?"

"எங்கப்பா நோட்டுல இருக்கே!"

உள்ளேயிருந்து அண்ணாச்சி வந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த வரியை ரொம்ப நேரம் பார்த்தார். "ஸாருக்கு இவ்வளவு பொடி எழுத்தா?" என்றார். பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு, என் பேனாவைக் கேட்டு, வரியை அவர் கையாலேயே அடித்தார்.

மகன்தான் முழித்தார். "இதை எந்தக் கணக்குலண்ணே வரவு வைக்க?"

வாராக்கடன் வசூல் என்று எழுதலாம். அதற்கு முதலில் வாராக்கடன் என்று எழுதியிருக்க வேண்டுமே? பி.காம்.மும் சேர்ந்து முழித்தது.