அளவு எடுக்காமல் சட்டை தைக்கலாமா?

தொட்டியில் தண்ணீர் குறைந்தால் மோட்டார் ஓட வேண்டும். தொட்டி நிரம்பினால் நிற்க வேண்டும். கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டால், தொட்டி நிரம்பாவிட்டாலும் நிற்க வேண்டும்.

இந்த மூன்றையும் முன்பு பம்பு ஆபரேட்டர் பார்த்துக்கொண்டார். இப்போது பல ஊர்களில் ஒரு சிறிய கம்ப்யூட்டர் பெட்டி பார்த்துக்கொள்கிறது.

அந்தப் பெட்டிக்கு வேலை சொல்லிக் கொடுப்பது எப்படி?

ஒரு முறை செய்தால் போதும்

என்ஜினீயர் கம்ப்யூட்டர் திரையில் ஒரு கட்டம் போடுகிறார். இடது பக்கம் செய்தி உள்ளே வரும்: தொட்டியில் எவ்வளவு, கிணற்றில் எவ்வளவு? வலது பக்கம் உத்தரவு வெளியே போகும்: "ஓடு" அல்லது "நில்". நடுவில் இருப்பது விதி.

இதற்கு "பங்ஷன் பிளாக்" என்று பெயர். வேலைக் கட்டம் என்று சொல்லலாம். சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 1993-ம் ஆண்டு வெளியிட்ட தர விதிகளில் இதற்கும் இடம் உண்டு.

ஒரு முறை செய்த கட்டத்தை நூறு ஊர்களுக்குப் பிரதி எடுக்கலாம். தவறு தெரிந்தால் மூலக் கட்டத்தைத் திருத்தி, எல்லாப் பெட்டிகளிலும் மறுபடி ஏற்றிவிடலாம்.

தையற்காரர் வைத்திருக்கும் காகித வெட்டைப் போன்றதுதான் இது. வெட்டு ஒன்று. ஆனால் அளவு ஆளுக்கு ஆள் வேறு! கட்டத்திலும் ஊருக்கு ஊர் மாற்ற வேண்டிய சில எண்கள் உண்டு. ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

வெடித்த ராக்கெட்

பழையதை அப்படியே எடுத்துப் போட்டால் என்ன ஆகும் என்பதை உலகம் ஒரு நாள் கண்டது.

1996 ஜூன் 4-ந் தேதி, ஐரோப்பிய நாடுகளின் "ஏரியன்-5" ராக்கெட் முதன்முதலாகக் கிளம்பியது. சுமார் 40 வினாடிகளில் வெடித்துச் சிதறியது. நான்கு விஞ்ஞானச் செயற்கைக் கோள்கள் நாசமாயின.

காரணம் என்ன? "ஏரியன்-4" ராக்கெட்டில் ஒழுங்காக வேலை செய்த கம்ப்யூட்டர் கட்டளைகளைப் புதியதிலும் வைத்திருந்தார்கள். புதிய ராக்கெட் பக்கவாட்டில் அதிக வேகமாகச் சென்றது. அந்த வேகத்தின் எண், அதற்கு ஒதுக்கிய இடத்தில் அடங்கவில்லை. வழிகாட்டும் கருவி செயலிழந்தது. புதிய பாதைக்கு இது சரிப்படுமா என்று யாரும் சோதித்துப் பார்க்கவில்லை!

கடலோரக் கிணறு

ராமநாதபுரம் மாவட்டத்தில், மன்னார் வளைகுடாக் கரையில் இருப்பது பெரியபட்டினம். இதைப் போன்ற கடலோர மணல் பூமியில், உப்புத் தண்ணீரின் மேல் நல்ல தண்ணீர் மிதந்து நிற்கும். கடல் மட்டத்துக்கு மேல் நல்ல தண்ணீர் ஓர் அடி இருந்தால், கீழே சுமார் 40 அடி இருக்கும் என்பது விஞ்ஞானக் கணக்கு. மேலே ஓர் அடி குறைந்தால், நாளடைவில் உப்பு 40 அடி ஏறிவிடக்கூடும்.

உள்நாட்டுக் காவிரிப் பாசன ஊரில் கிணறு பத்து அடி இறங்கினாலும் மறுபடி ஊறிவிடலாம். அந்த ஊரின் எண்ணை இங்கே பிரதி எடுத்தால்? மோட்டார் ஓடும். தொட்டியும் நிரம்பும். ஆனால் ஒரு நாள் வீட்டுக் காப்பி கரிக்கும்!

செய்ய வேண்டியது

அளவு எண்ணை அந்தந்த ஊரில்தான் நிரப்ப வேண்டும். நிரப்பாவிட்டால் மோட்டார் ஓடாது என்று கட்டத்திலேயே விதி வைக்க வேண்டும். தண்ணீரில் உப்பு ஏறினால் நிறுத்தும் விதியையும் சேர்க்க வேண்டும்.

எந்த மாதம் தண்ணீர் கரிக்கும் என்பது குடம் சுமக்கும் பெண்களுக்குத் தெரியும். அவர்களைக் கேட்க வேண்டும். முடிவான எண்ணைப் பெட்டியின் கதவில் தமிழில் எழுதி வைக்க வேண்டும்.

"இதனால் வேலை தாமதம் ஆகுமே" என்பார்கள். ஆகட்டும்! சில நாள் தாமதம் பெரிதல்ல. உப்பு ஏறிய கிணறு மறுபடி இனிக்க எத்தனை மழைக்காலம் காத்திருக்க வேண்டும்?

வெட்டு எங்கிருந்தும் வரலாம். அளவை உள்ளூரில்தான் எடுக்க வேண்டும்.