ஓடும் பெண்ணுக்கு பவுடர் தேவையா?

கேள்வி: பத்தாம் வகுப்பு படிக்கும் மகள் 800 மீட்டர் ஓட்டத்தில் மாவட்டப் போட்டி வரை போயிருக்கிறாள். சில மாதங்களாகச் சீக்கிரமே களைத்துவிடுகிறாள். எடை 45 கிலோ. புரோட்டீன் பவுடர் குடித்தால் சரியாகும் என்கிறார்கள். டப்பா விலை 2,000 ரூபாய். வாங்கலாமா?
- ஒரு வாசகி, தர்மபுரி மாவட்டம்

பதில்: முதலில் அவள் காலையில் எதைச் சாப்பிட்டுவிட்டு மைதானத்துக்குப் போகிறாள் என்று பார்க்க வேண்டும். பல வீடுகளில் ஒரு டம்ளர் டீயோடு சரி. பயிற்சி முடிந்து வந்ததும் குளித்து, பஸ்ஸைப் பிடிக்க ஓட்டம். இரவு 8 மணிக்குச் சாப்பிட்ட பிள்ளை மறுநாள் மதியம்தான் மறுபடி தட்டில் கை வைக்கிறாள். இந்தப் பதினாறு மணி நேரப் பட்டினியை எந்தப் பவுடரும் ஈடுகட்டாது. ஓடுவதற்கு முன் இரண்டு வாழைப்பழமோ, உப்புப் போட்ட கம்பங்கூழோ போதும். திரும்பி வந்து ஒரு மணி நேரத்துக்குள் இட்லி, சாம்பார், முட்டை என்று வயிறாரச் சாப்பிட வேண்டும். நேரமில்லை என்றால் டப்பாவில் கட்டிக் கொடுக்கலாம்.

புரதக் கணக்கும் பெரிய கணக்கில்லை. விளையாடும் பிள்ளைக்கு ஒரு கிலோ எடைக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை போதும். 45 கிலோவுக்கு அதிகபட்சம் 72 கிராம். இரண்டு முட்டையில் 12, இரண்டு டம்ளர் பாலில் 13, ஒரு கைப்பிடி நிலக்கடலையில் 7, ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலில் 10 கிராம் கிடைத்துவிடும். மீதியைச் சோறும் பருப்பும் தந்துவிடும். கறந்த பாலை எல்லாம் சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு, அந்தக் காசில் பால் பவுடர் வகை ஒன்றை வாங்குவதில் என்ன லாபம்? புரோட்டீன் பவுடரில் பெரும்பாலானவை பாலில் இருந்து பிரித்தெடுத்தவைதான். மகளுக்கு வேண்டிய அரை லிட்டரை எடுத்து வைத்துவிட்டு மீதியை ஊற்றலாம்.

களைப்புக்கு வேறு காரணமும் இருக்கலாம். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 100-க்கு 59 பேருக்கு ரத்தசோகை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பார்த்துவிடுவது நல்லது. 12-க்குக் கீழே இருந்தால் டாக்டர் சொல்லும் இரும்புச்சத்து மாத்திரையைத் தவறாமல் சாப்பிட வேண்டும். பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் மாத்திரையைத் தூக்கிப் போடுகிறாளா என்றும் கேட்க வேண்டும். நிறையப் பிள்ளைகள் அதைத்தான் செய்கிறார்கள். முருங்கைக்கீரை, கொள்ளு சாப்பிடும்போது எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தால் இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேரும். சாப்பாட்டோடு டீ குடித்தால் அது தடைபடும். ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

இன்னொன்றை அம்மாதான் கேட்க முடியும். எடை குறைந்தால் வேகம் கூடும் என்று ராத்திரிச் சாப்பாட்டை விடும் பெண்கள் உண்டு. மாதவிடாய் மூன்று மாதம் தொடர்ந்து வராமல் நின்றிருந்தால், 'ஓடுகிற பிள்ளைக்கு அப்படித்தான்' என்று விட்டுவிடக் கூடாது. ஓடுகிற ஓட்டத்துக்குச் சாப்பாடு போதவில்லை என்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம். அப்படியே விட்டால் எலும்பு பலவீனப்பட்டு, விழாமலேயே காலில் விரிசல் விழும். உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். அவர் சொல்லும்வரை பயிற்சியைக் குறைக்கும்படி கோச்சிடமும் பேசிவிட வேண்டும்.